விதி தெரிந்தும் வாய் தவறுவது ஏன்? மொழியைத் தாங்கும் நினைவுகள்

மாலை நேரங்களில் கல்லூரி மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்துத் தேறியவர்கள். படர்க்கை ஒருமை எழுவாய் வந்தால் நிகழ்கால வினையின் இறுதியில் ‘எஸ்’ சேர வேண்டும் என்ற விதியைக் கேட்டால் எடுத்துக்காட்டோடு ஒப்பிப்பார்கள். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொன்னால் ஒன்றுகூடத் தவறாது. அப்படி எல்லாவற்றையும் சரியாக நிரப்பிய மாணவி, தன் அக்காவின் வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ‘ஷி கோ டு ஆபீஸ்’ என்கிறாள். திருத்தினால் உடனே புரிந்துகொண்டு சரியாகச் சொல்கிறாள். அடுத்த வாக்கியத்தில் ‘எஸ்’ மறுபடியும் காணாமற் போகிறது.

இதற்குக் கூச்சத்தையும் வீட்டுச்சூழலையும் காரணமாகச் சொல்பவர்கள் உண்டு. கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் யாரும் அருகில் இல்லாமல் கைபேசியில் தன் பேச்சைத் தானே பதிவு செய்துகொண்டு வரும் பிள்ளையிடமும் இதே பிழையைக் கேட்கிறேன். சீன மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஸ்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஆங்கிலம் கற்கையில் இதே ‘எஸ்’ஸை நெடுங்காலம் விட்டுவிடுகிறார்கள் என்பது மொழிக்கல்வி ஆய்வாளர்கள் நன்கறிந்த செய்தி. ஆகவே இது நம் பிள்ளைகளின் குணத்தைப் பற்றிய விஷயமன்று. ஒரு விதியை அறிந்து வைத்திருக்கும் நினைவும், பேசும் வேகத்தில் அதைச் செய்துமுடிக்கும் நினைவும் மூளையில் ஒன்றல்ல என்பதே இதன் அடிப்படை என்று நான் நம்புகிறேன். அந்த நம்பிக்கைக்குக் காரணமான ஆய்வுகளைத்தான் இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

நினைவைப் பற்றிய நவீன அறிவின் பெரும்பகுதி ஒரு மனிதரிடமிருந்து கிடைத்தது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி மொலைசன் 1926இல் பிறந்தவர். இளமையிலிருந்தே கடுமையான வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு, 1953 செப்டம்பரில், 27 வயதில், ஹார்ட்ஃபோர்டில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இருபுறமும், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே அமைந்த பொட்டுமடலின் உட்புறத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் முன்பகுதியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் அவருக்குப் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் நிற்கவில்லை. அவரோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் அறையை விட்டுச் சென்று சில நிமிடங்கள் கழித்துத் திரும்பினால், அந்த நபரை முதன்முறையாகச் சந்திப்பதுபோல மொலைசன் பேசினார். கனடாவின் மொண்ட்ரியாலிலிருந்து வந்து அவரைச் சோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னர், ஸ்கோவிலுடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட கட்டுரையில் அவரை எச்.எம். என்ற எழுத்துகளால் மட்டுமே குறிப்பிட்டார். 2008 டிசம்பரில் அவர் இறந்த பிறகே முழுப்பெயர் வெளியாயிற்று.

மில்னர் அவருக்குக் கொடுத்த ஒரு சோதனை புகழ்பெற்றது. இரட்டைக்கோட்டால் வரைந்த ஒரு நட்சத்திரத்தின் இடைவெளிக்குள், கையை நேரே பார்க்காமல் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு, பென்சிலால் கோடு இழுக்க வேண்டும். கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் முதலில் எவருடைய கையும் தடுமாறும். மொலைசனுடைய கையும் தடுமாறியது. மூன்று நாட்கள் பழகியதில் தேர்ந்துவிட்டது. மூன்றாம் நாள் மிகச் சுத்தமாக வரைந்து முடித்தபோதும், இத்தகைய வேலையை இதற்குமுன் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கற்றது யார் என்று அவரைக் கேட்டால் ‘நான் இல்லை’ என்பார்; ஆனால் கற்றல் நடந்திருந்தது. நடந்ததைச் சொல்ல உதவும் நினைவு வேறு, பழகியதைச் செய்ய உதவும் நினைவு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் படித்ததில்லை.

நினைவைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் இந்த நட்சத்திரத்தோடு நின்றுவிடுகின்றன. மொழியில் அக்கறை உள்ளவர்களுக்கு அதற்குப் பின் நடந்தவை இன்னும் முக்கியமானவை. மொலைசன் நன்றாகப் பேசினார். அவருடைய வாக்கியங்கள் முழுமையாக இருந்தன. சொல்லாடலில் மரியாதையும் நகைச்சுவையும் இருந்தன. குறுக்கெழுத்துப் புதிர்களை விரும்பி நிரப்பினார். 1953க்கு முன் கற்ற மொழி பெரிதும் அப்படியே இருந்தது. ஆனால் அதன்பின் ஆங்கிலத்தில் நுழைந்த சொற்களில் மிகப் பெரும்பாலானவை அவரிடம் ஒட்டவில்லை. ஜான் கேப்ரியேலி, நீல் கோஹன், சூசன் கார்கின் ஆகியோர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், அரிய ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் பொருளை அவருக்கு மீண்டும் மீண்டும் கற்பித்தும் அவரால் கற்க இயலவில்லை. 1960களின் ஹிப்பி இளைஞர்களைக் குறித்த ‘ஃப்ளவர் சைல்ட்’ என்ற தொடருக்குப் பொருள் கேட்டபோது, பூக்களை வளர்க்கும் இளையவர் என்ற பொருளில் அவர் விடை சொன்னார். இரண்டு பெயர்களைச் சேர்த்து ஒரு தொகையாக விரித்துப் பொருள் கொள்ளும் திறன் பழுதின்றி வேலை செய்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தத் தொடர் எந்தப் பொருளில் வழங்கியது என்ற செய்திதான் அவருக்குள் போய்ச் சேரவில்லை.

நடந்ததைச் சொல்ல உதவும் முதல்வகை நினைவை ஆய்வாளர்கள் டிக்ளரேட்டிவ் மெமரி என்றும், பழகியதைச் செய்ய உதவும் இரண்டாம் வகையைப் புரொசீஜரல் மெமரி என்றும் அழைக்கிறார்கள். நான் வகுப்பில் இவற்றை விவர நினைவு, பழக்க நினைவு என்று சொல்கிறேன். விவர நினைவுக்கு ஹிப்போகாம்பஸும் அதைச் சூழ்ந்த பொட்டுமடல் பகுதிகளும் வாயில். ஒருமுறை, இருமுறை சந்தித்தாலே ஒரு செய்தியை அது பற்றிக்கொள்ளும். பற்றியதைச் சொல்லாக எடுத்துரைக்கவும் முடியும். பழக்க நினைவு, பெருமூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியா என்ற நரம்பணுத் திரள்களையும், அவற்றோடு இணைந்த முன்மடல் பகுதிகளையும், சிறுமூளையையும் சார்ந்தது. அது மெதுவாகத்தான் கற்கும், பலமுறை செய்தால்தான் கற்கும், கற்றதை எடுத்துச் சொல்லாது. ஆனால் கற்றுவிட்டால் கவனத்தைக் கேட்காமல், யோசிக்க நேரம் எடுக்காமல் நடத்திக்காட்டும்.

நம் தாய்மொழியிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ‘மரம்’ என்ற சொல்லோடு ‘ஐ’ சேர்ந்தால் ‘மரத்தை’ ஆகிறது. இடையில் வருவது அத்துச் சாரியை என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். சாரியை என்ற பெயரையே கேட்டிராத நான்கு வயதுக் குழந்தை ‘மரத்தை’, ‘படத்தை’, ‘பழத்தை’ என்று தவறாமல் சொல்கிறது. இதெல்லாம் கேட்டுக்கேட்டு மனப்பாடம் ஆனது என்று ஒருவர் வாதிடக்கூடும். அப்படியானால் புதிதாக நுழைந்த சொற்களைப் பாருங்கள். ‘பிளாட்பாரத்தில்’, ‘சிஸ்டத்தில்’, ‘ஆல்பத்தில்’ என்கிறோம். ‘ரூமில்’, ‘டீமில்’, ‘புரோகிராமில்’ என்கிறோம். குறில் ‘அம்’மில் முடியும் சொல்லுக்குச் சாரியை கொடுத்து, ‘ஊம்’, ‘ஈம்’, ‘ஆம்’ என்று நெடிலோடு முடிபவற்றுக்குக் கொடுக்காமல் விடுவதை யார் நமக்குச் சொல்லித்தந்தார்கள்? ஒருவரும் இல்லை. பழக்க நினைவு ஒழுங்கைத் தானே கண்டுகொண்டு, முன்பின் கேட்டிராத சொல்லிலும் அதைச் செயல்படுத்துகிறது. மாறாக ‘வா’ என்பது ‘வந்தான்’ ஆவதும், ‘சா’ என்பது ‘செத்தான்’ ஆவதும் அந்தந்தச் சொல்லோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்திகள்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் உல்மன் இந்தப் பிரிவினையை மொழி முழுவதற்கும் விரித்து ஒரு கோட்பாடாக்கினார். சொற்களஞ்சியமும் ஒழுங்கில்லாத வடிவங்களும் விவர நினைவைச் சார்ந்தவை, இலக்கணக் கூட்டல்கள் பழக்க நினைவைச் சார்ந்தவை என்பது அதன் சாரம். 1997இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஆங்கில இறந்தகால வினைகளை நோயாளிகளிடம் சோதித்தார்கள். விவர நினைவு சிதையும் அல்சைமர் நோயாளிகள் ‘கோ’ என்பதற்கு ‘வென்ட்’ என்பதுபோன்ற ஒழுங்கற்ற வடிவங்களில் அதிகம் தடுமாறினார்கள். பேசல் கேங்லியா பாதிக்கப்படும் பார்க்கின்சன் நோயாளிகள் ‘எட்’ விகுதி சேர்க்க வேண்டிய ஒழுங்கான வினைகளிலும், ஆய்வுக்காகப் புனைந்த வினைகளிலும் அதிகம் தடுமாறினார்கள்.

என் பெரியம்மாவுக்கு அல்சைமர் நோய். இந்த ஆய்வைப் படித்த பிறகு அவர் பேசுவதை வேறு விதமாகக் கேட்கத் தொடங்கினேன். தண்ணீர்ச் சொம்பு வேண்டும் என்றால் ‘சொம்பு’ அவருக்கு வருவதில்லை. ‘அந்த இத… அத இங்க எடுத்துட்டு வந்து வெச்சிட்டுப் போயேன்’ என்கிறார். பெயர்ச்சொல் ஒன்றுகூட இல்லாத அந்த வாக்கியத்தில் வினையெச்சங்களும் துணைவினைகளும் வரிசை மாறாமல் கோத்து நிற்கின்றன. கடைசியில் கட்டளையை வேண்டுகோளாக்கும் ‘ஏன்’ கூட இருக்கிறது. மருமகனைப் பார்த்தால் ‘வாங்க’, பேரனைப் பார்த்தால் ‘வா’. அவர்களுடைய பெயர்கள் மறந்துபோயின, மரியாதை விகுதி தவறவில்லை. இதை முழுக்க விவர நினைவின் இழப்பு என்று சொல்லிவிட முடியாது. சொற்பொருளைத் தேக்கி வைத்திருக்கும் பொட்டுமடலின் புறணியும், அதாவது அதன் மேலடுக்கும், அந்த நோயில் சேர்ந்தே சிதைகிறது. ஆயினும் எது முதலில் போகிறது, எது நீண்ட நாள் நிற்கிறது என்ற வரிசையை வீட்டில் யாரும் எளிதாகக் கவனிக்கலாம்.

உல்மனின் கோட்பாட்டை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒழுங்கான வடிவங்களையும் ஒழுங்கற்ற வடிவங்களையும் நரம்பணுக்களைப் போல ஒன்றோடொன்று இணைந்த அலகுகளால் ஆன ஒரே இணைப்பு வலையே கற்றுவிடும் என்று காட்டிய கணினி மாதிரி ஒன்றை டேவிட் ரூமல்ஹார்ட்டும் ஜேம்ஸ் மக்கிளெலண்டும் 1986இலேயே வெளியிட்டார்கள். அந்த விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆங்கிலத்தின் இறந்தகாலத்தை வைத்து வரைந்த கோடு தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. ‘படி, நடி, குடி’ என்பவை ‘படித்தான், நடித்தான், குடித்தான்’ ஆகின்றன. அதே ஓசையுள்ள ‘அறி’யோ ‘அறிந்தான்’ ஆகிறது. எந்த வினை எந்த வகுப்பைச் சேர்ந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும், வகுப்பு தெரிந்தபின் விகுதிகளை விதிப்படி கட்ட வேண்டும். இரண்டு நினைவுகளும் ஒரே சொல்லுக்குள் கைகோத்து வேலை செய்யும் மொழி நம்முடையது.

விவர நினைவைப் பற்றியும் ஒரு திருத்தம் தேவை. ஃபாரனே வார்கா-காடெமும் உடன் ஆய்வாளர்களும் 1997இல் மூன்று இளையவர்களைப் பற்றி எழுதினார்கள். பிறப்பின்போதோ குழந்தைப் பருவத்திலோ ஹிப்போகாம்பஸ் இருபுறமும் பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். அன்றாட நிகழ்ச்சிகள் அவர்களுக்கு நினைவில் நிற்பதில்லை. ஆனாலும் சாதாரணப் பள்ளிகளில் படித்து, பேச்சிலும் எழுத்திலும் பொது அறிவிலும் சராசரியை ஒட்டிய நிலையை அடைந்திருந்தார்கள். மொலைசனிடம் அடைபட்டிருந்த பாதை அவர்களுக்கு ஏதோ ஒரு வகையில் திறந்திருந்தது. எஞ்சியிருந்த அருகிலுள்ள புறணிப் பகுதிகள் உதவியிருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் விளக்கினார்கள். ஹிப்போகாம்பஸ் இல்லையென்றால் சொல்லே இல்லை என்று ஒற்றை வரியில் சொல்லிவிடக் கூடாது என்பதற்கு அந்த மூன்று பிள்ளைகளே போதும்.

இதுவரை சொன்ன இரண்டும் நீண்டகால நினைவுகள். ஒரு புதிய சொல் அங்கே போய்ச் சேருமுன் கடக்க வேண்டிய குறுகலான வழி ஒன்று இருக்கிறது. மொழி ஆசிரியர்கள் இதைத்தான் மிகக் குறைவாகக் கவனிக்கிறார்கள் என்பது என் எண்ணம். ஆலன் பேடலியும் கிரஹாம் ஹிட்ச்சும் 1974இல் முன்வைத்த செயல்படு நினைவு மாதிரியில், அதாவது செய்யும் வேலைக்குத் தேவையானதைச் சிறிது நேரம் மனத்தில் வைத்திருக்கும் நினைவைப் பற்றிய மாதிரியில், ஒலிச்சுழல் என்று ஒரு பகுதி உண்டு. காதில் விழுந்த ஒலி அதில் ஏறத்தாழ இரண்டு நொடி தங்கும். மனத்துக்குள் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தால் அழியாமல் நிற்கும். கேட்ட தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளும்வரை முணுமுணுப்பது இந்தச் சுழலைத்தான் ஓட்டுகிறது.

இத்தாலியில் ஒரு பெண்மணி இருந்தார். ஆய்வுகளில் அவர் பி.வி. எனப்படுகிறார். இடப்பக்க மூளையில் ஏற்பட்ட பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய ஒலிச்சுழல் மிகவும் சுருங்கிவிட்டது. எண்களை வாசித்துத் திரும்பச் சொல்லச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் ஏழு எண்கள் அளவில் சொல்வோம். அவரால் இரண்டு, மூன்றுக்கு மேல் முடியவில்லை. அவருடைய நீண்டகால நினைவு நன்றாக இருந்தது, இயல்பாகப் பேசினார். அப்படியானால் இந்தச் சுழலால் என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. 1988இல் பேடலி, கோஸ்டான்சா பபானோ, ஜுசெப்பே வல்லார் ஆகியோர் அவருக்கு இரண்டு பாடங்கள் வைத்தார்கள். ஒன்றில் இத்தாலியச் சொற்களை இணை இணையாகக் கற்க வேண்டும். மற்றவர்களைப் போலவே கற்றுவிட்டார். மற்றொன்றில் இத்தாலியச் சொல்லோடு அதற்குரிய ரஷ்யச் சொல்லைக் கேட்டுக் கற்க வேண்டும். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட மற்றவர்கள் எல்லாம் கற்று முடித்தபோது, எத்தனை முறை கேட்டும் அவருக்கு ஒரு ரஷ்யச் சொல்கூட வரவில்லை. தெரிந்த சொல்லுக்குப் பொருளைப் பற்றிக்கொள்ள இடம் இருக்கிறது. தெரியாத சொல் வெறும் ஒலிவரிசையாகத்தான் முதலில் வருகிறது. அந்த ஒலிவரிசையைச் சில நொடிகளாவது சிதறாமல் பிடித்துவைக்க ஆள் இல்லையென்றால் அது நீண்டகால நினைவின் வாசலுக்கே வருவதில்லை.

நல்ல உடல்நலம் உள்ளவர்களிடமும் இதைப் பார்க்கலாம். புதிய மொழிச் சொற்களைக் கற்கும்போது தொடர்பில்லாத ஓர் அசையை இடைவிடாமல் முணுமுணுக்கச் சொன்னால் கற்றல் பாதிக்கப்படுகிறது என்று பபானோவும் உடன் ஆய்வாளர்களும் 1991இல் காட்டினார்கள். சூசன் கேதர்கோலும் பேடலியும் 1989இல், நான்கு வயதில் பொருளற்ற சொற்களைத் திருத்தமாகத் திரும்பச் சொல்லும் திறனுக்கும் ஐந்து வயதில் அக்குழந்தை பெற்றிருக்கும் சொல்வளத்துக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டுகளை உரக்கச் சொல்லிப் படித்த முறையைப் பொருள் அறியா மனப்பாடம் என்று பழித்தவர்கள் பலர். ஒரு பொருளுக்குரிய பல பெயர்களை எதுகையும் சந்தமும் கொண்டு ஒலிவரிசையாகக் கட்டி, வாய்விட்டுச் சொல்லவைத்து இறக்கியவர்கள், சொல் உள்ளே நுழையும் வழியைப் பழக்கத்தால் அறிந்தே இருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த முறையின் மற்றக் குறைகளை நான் மறுக்கவில்லை.

நுழைந்த சொல் ஒரே நாளில் நம் சொல்லாகிவிடுவதில்லை. நிக்கோலா டுமேயும் கரெத் காஸ்கெலும் 2007இல் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். ‘கதீட்ரல்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் போலத் தொடங்கும் ‘கதீட்ரூக்’ போன்ற பொய்ச்சொற்களைக் கற்பித்தார்கள். கற்றவர்களுக்கு அச்சொற்கள் உடனேயே நினைவிருந்தன. ஆனால் மூளை அவற்றை உண்மைச் சொற்களாகக் கருதத் தொடங்கியிருந்தால், ‘கதீ…’ என்று கேட்டதும் பழைய சொல்லோடு புதிய சொல்லும் போட்டியிட்டு, பழையதை அடையாளம் காண்பது சற்றுத் தாமதமாக வேண்டும். அந்தப் போட்டி, உறக்கத்தை உள்ளடக்கிய 12 மணி நேரத்துக்குப் பிறகு தெரிந்தது. விழித்தே கழித்த 12 மணி நேரத்துக்குப் பிறகு தெரியவில்லை. ஹிப்போகாம்பஸ் விரைவாகப் பற்றியதை, உறக்கத்தில் மீண்டும் மீண்டும் இயக்கிக் காட்டி, மெதுவாகக் கற்கும் புறணிக்கு மாற்றுகிறது என்ற விளக்கத்துக்கு இது நன்கு ஒத்துப்போகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு கண்விழித்துச் சொற்களைப் படிக்கும் வழக்கத்தை நான் கடிந்துகொள்வது இதனால்தான்.

திரும்பத் திரும்பப் படிப்பதற்கும் நினைவிலிருந்து எடுத்துப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஜெஃப்ரி கார்பிக்கியும் ஹென்றி ரோடிகரும் 2008இல் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாகிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்ட பிறகும் அதைத் தொடர்ந்து கேட்டுக் கேட்டுச் சோதித்த குழுக்கள் ஒரு வாரம் கழித்து ஏறத்தாழ 80 விழுக்காடு நினைவில் வைத்திருந்தன. சோதனையை நிறுத்திவிட்ட குழுக்கள், படிப்பதைத் தொடர்ந்திருந்தாலும்கூட, 35 விழுக்காட்டை ஒட்டியே நின்றன.

பழக்க நினைவின் பக்கம் வந்தால், அது எவ்வளவு இளமையில் தொடங்குகிறது என்பதே வியப்பு. 1996இல் ஜெனி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிஸ்ஸா நியூபோர்ட் ஆகியோர் எட்டு மாதக் குழந்தைகளுக்கு ‘பிடாகு’, ‘படோடி’ போன்ற புனைந்த சொற்களை இடைவெளியோ அழுத்தமோ இல்லாமல் ஒரே ஒலியோட்டமாக இரண்டு நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை உறுதியாக வருகிறது என்பதைத் தவிர வேறு எந்தத் தடயமும் அதில் இல்லை. அந்த இரண்டு நிமிடத்திலேயே குழந்தைகள் சொற்களின் எல்லையைக் கண்டுகொண்டன. வளர வளர விவர நினைவு வலுப்பெறுகிறது; பதின்ம வயதில் பாடமாக ஒரு மொழியைச் சந்திப்பவர் தன்னிடமுள்ள வலுவான கருவியையே எடுக்கிறார். விதியைச் செய்தியாகவும், வாக்கியத்தை மனப்பாடத் துண்டாகவும் சேர்த்துவைக்கிறார். என் மாணவி செய்திருப்பது அதுதான். அவள் சேர்த்தது பொய்யான அறிவு அல்ல. எழுதும்போது, திருத்தும்போது, யோசிக்க நேரம் கிடைக்கும்போது அது முழுமையாகப் பயன்படுகிறது. பேச்சில் ஒரு நொடிக்குள் எழுவாயைத் தேர்ந்து, வினையைத் தேடி, கருத்தையும் பிடித்துவைத்திருக்க வேண்டிய நெருக்கடியில், விவர நினைவைக் கேட்டு விடைபெற அவகாசம் இல்லை.

அப்படியானால் வயது வந்தபின் பழக்க நினைவுக்குக் கதவு அடைத்துவிட்டதா? இல்லை என்பதற்குச் சான்று உண்டு. காரா மார்கன்-ஷார்ட், உல்மன் முதலியோர் ஒரு சிறிய செயற்கை மொழியை உருவாக்கி, ஒரு விளையாட்டை ஆடியபடியே பேசும் வகையில் பெரியவர்களுக்குக் கற்பித்தார்கள். ஒரு குழுவுக்கு இலக்கண விளக்கம் கொடுத்தார்கள். மற்றொரு குழுவுக்கு வாக்கியங்களை மட்டும் ஏராளமாகக் கேட்கவைத்தார்கள். 2012இல் வெளிவந்த முடிவுகளின்படி, சரி, தவறு சொல்வதில் இரு குழுக்களும் ஒரே அளவில் தேறின. ஆனால் மூளை மின்னலைகளில், தாய்மொழியாளர்களிடம் காணப்படும் முழு வடிவம் விளக்கமின்றிக் கேட்டுப் பழகிய குழுவிடமே தேர்ச்சி உயர்ந்த நிலையில் தோன்றியது. மதிப்பெண் ஒன்றாக இருந்தும் மூளை செய்த வேலை வேறாக இருந்தது. நம் தேர்வுத்தாள்கள் எதை அளக்கின்றன, எதை அளக்கத் தவறுகின்றன என்பதை இந்த ஒரு முடிவு எனக்குத் தெளிவாக்கியது.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் நிகழ்வு ஒன்று இத்தாலியின் வெரோனாவிலிருந்து பதிவாகியிருக்கிறது. ஈ.எம். என்று குறிக்கப்படும் முதிய பெண்மணி வாழ்நாள் முழுதும் வெரோனாவின் வட்டார மொழியையே பேசியவர். பொது இத்தாலிய மொழியைப் பள்ளியில் கற்று அரிதாகவே பேசியிருக்கிறார். இடப்பக்க பேசல் கேங்லியாவில் பக்கவாதம் ஏற்பட்டுப் பேச்சு மீண்டபோது, தாய்மொழியில் பேசுவது அவருக்குக் கடினமாயிற்று. அரிதாகப் பேசிய இத்தாலிய மொழி எளிதாக வந்தது. சால்வதோரே அல்யோட்டியும் ஃபிராங்கோ ஃபாப்ரோவும் 1993இல் இதை வெளியிட்டார்கள். மிகுதியாகப் பழகிய மொழி பழக்க நினைவில் வேரூன்றியிருந்ததால் அதனோடு சேர்ந்து பாதிக்கப்பட்டது. பள்ளியில் கற்ற மொழி விவர நினைவைச் சார்ந்திருந்ததால் தப்பியது என்பது அதற்கான விளக்கம். வீட்டில் பேச்சுத்தமிழும் ஏட்டில் எழுத்துத்தமிழுமாக வாழும் நமக்கு இந்த வழக்கு அந்நியமாகத் தோன்றாது. பேச்சுத்தமிழ் நமக்குப் பள்ளிக்கு முன்பே பழக்கமாகிவிடுகிறது; எழுத்துத்தமிழின் ‘வந்தார்கள், சென்றன’ என்ற இயைபை நம்மில் பலர் செய்தியாகக் கற்று, எழுதும்போது நினைவுபடுத்திச் சரிபார்க்கிறோம்.

வகுப்பில் இவற்றால் நான் மாற்றிக்கொண்டவை சில. புதிய சொல்லைப் பலகையில் எழுதுமுன் பலமுறை கேட்கவும் உரக்கச் சொல்லவும் வைக்கிறேன். பொருள் பிறகு வருகிறது. நேற்றைய சொற்களை இன்று படிக்கச் சொல்வதில்லை, கேட்கிறேன். சரியாகச் சொன்னவற்றையும் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி கேட்கிறேன். ‘எஸ்’ விதியை ஒரு முறை சுருக்கமாக விளக்கிவிட்டு, அக்காவின் ஒரு நாளை, அண்டை வீட்டாரின் ஒரு நாளை, பேருந்து நடத்துநரின் ஒரு நாளைச் சொல்லவைக்கிறேன். அந்த ‘எஸ்’ இல்லாமல் நகரவே முடியாத பேச்சுகளாக அவற்றை அமைக்கிறேன். பேச்சின் நடுவில் நிறுத்தி விதியைக் கேட்பதை விட்டுவிட்டேன். பிழையான வாக்கியத்தைச் சரியான வடிவில் நானே திரும்பச் சொல்கிறேன், பேச்சு தொடர்கிறது. எழுத்துப் பயிற்சியில் மட்டும் விதியை முழுதாகக் கையிலெடுத்து, அவர்களுடைய வாக்கியங்களை அவர்களையே திருத்தச் சொல்கிறேன். பெற்றோர் சிலர் இலக்கண ஏடு ஏன் இவ்வளவு மெலிந்திருக்கிறது என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் வீட்டில் பதிவு செய்து அனுப்பிய முதல் மாதப் பேச்சையும் அண்மைப் பேச்சையும் அடுத்தடுத்து அவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்.